சபைச் சாவி என் கையில்தான் இருக்கிறது, விட்டுவிட்டுப் போகலாமா?

ரங்கூன் தாம்வே பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயரையும் சபையையும் சொல்ல வேண்டாம் என்றார், அதனால் அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 41, போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. அவர் போகும் தமிழ்ச் சபையில் ஒரு காலத்தில் 70 குடும்பம் இருந்ததாம், இப்போது 30ஐத் தாண்டாது. கொரோனாவில் சிலரை அடக்கம் செய்தார்கள், அப்புறம் வேலை தேடிச் சிலர் போனார்கள், 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை அறிவிப்பு வந்ததும் வாலிபர் கூட்டத்தில் பாதிப்பேர் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் கிளம்பிவிட்டார்கள். போனவர்கள் விட்டுவிட்டுப் போன வேலை ஒவ்வொன்றாக இவர் தலையில் வந்து உட்கார்ந்தது. ஞாயிறு காலை கேட்டைத் திறப்பது, கரண்ட் இல்லாவிட்டால் ஜெனரேட்டரை இழுத்துவிடுவது, கீபோர்டு வாசிப்பது, ஞாயிறு பள்ளி, காணிக்கைக் கணக்கு, கைப்பிடி அரிசி வசூல். (சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனியாக வைத்து, ஞாயிறன்று சபைக்குக் கொண்டுவரும் அந்தப் பழைய பழக்கம் இவர்கள் சபையில் இன்னும் இருக்கிறது, தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு அதைப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். கேட்க சந்தோஷமாக இருந்தது.)

போன மாதம் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு மூப்பர் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார்: "காணிக்கைப் பணம் இப்போது எங்கே இருக்கிறது?" பணம் இவருடைய சொந்தக் கேபே (KPay, போன் வழியாகப் பணம் அனுப்புகிற ஆப்) கணக்கில் இருக்கிறது. 2021-ல் வங்கியில் பணம் எடுப்பதே பெரிய பாடாக இருந்த நேரத்தில் அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு, அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கேள்வி இவரைக் குத்திவிட்டது. அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை, சனிக்கிழமை ராத்திரியானால் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கும் பெரிய பர்மிய மொழிச் சபைக்குப் போய், யாருக்கும் தெரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும் என்று நினைக்கிறார். மனைவி "இன்றைக்கே விடுங்கள்" என்கிறார். அம்மா "ஊழியத்தை விட்டால் பிள்ளைகளுக்குச் சாபம் வரும்" என்கிறார். அதே மூப்பர், கலப்பையில் கை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறவன் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தகுதியில்லாதவன் என்கிற வசனத்தைச் சொல்லியிருக்கிறார். விலகுவது பாவமா, சாபம் வருமா, சண்டை இல்லாமல் எப்படி விலகுவது? இதுதான் அவர் கேட்பது.

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் போதகர் இல்லை, மனநல ஆலோசகர். நானும் ஒரு சிறிய சபையில் வளர்ந்தவள், துடைப்பம் எடுத்தவளே கடைசி வரை பெருக்க வேண்டும் என்கிற சபைச் சட்டம் எனக்கும் தெரியும். அதனால் வெளியே நின்று பேசுகிற மாதிரி இது இருக்காது.

உடம்பு சொல்வது

சனிக்கிழமை ராத்திரி வயிற்றுவலியைச் "சாத்தானின் தடை" என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது என்ன என்று முதலில் ஒரு டாக்டர் பார்க்கட்டும், அல்சராகக்கூட இருக்கலாம். அங்கே ஒன்றும் இல்லை என்றால், நீங்கள் எழுதிய மூன்று விஷயத்தையும் சேர்த்துப் பாருங்கள்: அசதி போகவே மாட்டேன் என்கிறது, முன்பு ஆசையாகச் செய்த வேலை மேல் எரிச்சல் வருகிறது, எவ்வளவு செய்தாலும் உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வேலைக் களைப்பைப் பற்றி எழுதியபோது இந்த மூன்றையும்தான் அடையாளமாகச் சொன்னது. அது சம்பள வேலையைப் பற்றிய விளக்கம், சபை வேலைக்கென்று எழுதியதில்லை, ஆனால் ஜெனரேட்டர் இழுக்கிற கைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று பயப்படுகிறீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை, உங்களுக்குத் தூக்கம்தான் குறைந்திருக்கிறது.

கலப்பை வசனம்

லூக்கா 9-ல் அந்த வார்த்தை யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். பின்னால் வருகிறேன், ஆனால் முதலில் வீட்டில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று இன்னும் கிளம்பாமலே நிற்கிற ஒருவனுக்கு. ஒன்பது வருஷமாக உழுது தோள் புண்ணாகிப்போனவனுக்கு இல்லை. அப்படி ஓடிக் களைத்தவர்களிடம் அதே இயேசு என்ன சொன்னார் என்பது மாற்கு 6-ல் இருக்கிறது: வனாந்தரமான இடத்துக்குத் தனியாக வந்து கொஞ்சம் இளைப்பாறுங்கள் என்றார், சாப்பிடவும் நேரமில்லாமல் ஜனங்கள் வந்துபோய்க்கொண்டிருந்த சமயத்தில். வேலை முடிந்தபிறகு இளைப்பாறுங்கள் என்று சொல்லவில்லை, வேலை முடியாது என்று அவருக்குத் தெரியும்.

மோசேயின் மாமனார் எத்திரோவையும் நினைத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை மருமகன் ஒருவனே உட்கார்ந்து நியாயம் தீர்ப்பதைப் பார்த்துவிட்டு, நீ செய்வது நல்லதல்ல என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர் அவர். (மாமனார் வீட்டுக்கு வந்து வேலையைக் குறை சொன்னால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும், மோசே கேட்டுக்கொண்டார்.) அதில் நாம் கவனிக்காமல் விடுகிற வார்த்தை ஒன்று இருக்கிறது. நீ தொய்ந்துபோவாய் என்று மட்டும் எத்திரோ சொல்லவில்லை, நீயும் உன்னோடிருக்கிற ஜனங்களும் என்றார். ஒருவனே எல்லாம் செய்யும்போது அவன் மட்டும் களைப்பதில்லை, மற்றவர்கள் காத்துக்காத்துக் களைத்துப்போகிறார்கள்.

ஆக, இளைப்பாறுவது பாவம் இல்லை, ஒரு பொறுப்பிலிருந்து விலகுவதும் பாவம் இல்லை. மூப்பர் அந்த வசனத்தை எடுத்தது தப்பு. ஆனால் அவரைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த நான்கு வரி

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஓரமாக ஒரு விஷயம் எழுதிவிட்டு நகர்ந்துபோய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஒரு பெரியவரின் மருமகள், கரேன் இனத்துப் பெண், நன்றாகப் பாடுவாள், தமிழ் கொஞ்சம்தான் வரும், ஞாயிறு பள்ளியைப் பர்மிய மொழியில் நடத்தித் தருகிறேன் என்று இரண்டு தடவை கேட்டாள், "தமிழ் போய்விடும் என்று நான்தான் வேண்டாம் என்றேன்" என்கிறீர்கள். அதே பக்கத்தில், பிள்ளைகள் தமிழ்ப் பாட்டைப் பர்மிய எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள் என்று வருத்தப்படுகிறீர்கள். அதற்கு அடுத்த பக்கத்தில் "உதவிக்கு ஒருத்தர்கூட இல்லை."

இருக்கிறாளே தம்பி.

உங்கள் பயம் பொய் என்று சொல்ல மாட்டேன். 1960களில் நம் ஜனம் லட்சக்கணக்கில் கப்பலேறிப் போனது, வெளிநாட்டு மிஷனரிகள் வெளியேற்றப்பட்டார்கள், தனியார் பள்ளிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு கோயில் திண்ணையிலும் சபை பெஞ்சிலும் உட்கார்ந்து யாரோ சொல்லிக்கொடுத்ததால்தான் உங்களால் இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுத முடிந்தது. அந்த யாரோவின் வரிசையில் நீங்களும் ஒருவர். ஆனால் சபைக்குள் மொழிச் சண்டை நம்மிடம் ஆரம்பிக்கவில்லை. அப்போஸ்தலர் 6-ல் முதல் முறுமுறுப்பே இதுதான்: கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பங்கு சரியாகப் போகவில்லை. அரிசி விஷயம்தான், பெயர்தான் வேறு. பன்னிருவரும் சபையைக் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். அதிலும் நிக்கொலா பிறப்பால் யூதர்கூட இல்லை, அந்தியோகியாவிலிருந்து வந்து சேர்ந்தவர். குறை சொன்ன பக்கத்தின் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும், இது நம் ஊர்க் கதை. வேதாகமத்தைப் பர்மிய மொழியில் கொடுத்த அமெரிக்க மிஷனரி ஜட்சன் பெயர் தெரியாத கிறிஸ்தவர் பர்மாவில் இருக்க மாட்டார். (அவர் மதராஸிலிருந்துதான் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார், 1813 ஜூலையில் வந்து இறங்கினார், நம்மவர்கள் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.) 1824-ல் ஆங்கிலேயரோடு யுத்தம் வந்ததும் அன்றைய தலைநகர் ஆவாவில் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். பர்மிய மொழியில் அவர் எழுதிய புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதி வெளியே இருந்தது. மனைவி ஆன் முதலில் அதை மண்ணில் புதைத்துவைத்தார், மழையில் கெட்டுவிடும் என்று பயந்து எடுத்து, யாருக்கும் ஆசை வராத மாதிரி கட்டாந்தரை போன்ற ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்கு அனுப்பினார். அப்புறம் ஒருநாள் கைதிகளை வேறு இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள், அந்தக் கலவரத்தில் காவலன் ஒருவன் மேலே சுற்றியிருந்ததை உருவிக்கொண்டு உள்ளே இருந்த பஞ்சுக் கட்டியைத் தூக்கி எறிந்துவிட்டான். அதைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோனவர் மாங் இங் என்கிற பர்மிய விசுவாசி. உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, சயாவின் (குருவின்) நினைவாக ஏதாவது இருக்கட்டும் என்று எடுத்துவைத்தார். பல மாதம் கழித்துத்தான் உள்ளே பிரதி முழுசாக இருந்தது தெரிந்தது. 1834-ல் வேதாகமம் முழுவதையும் ஜட்சன் மொழிபெயர்த்து முடித்தார், பெயரும் அவருக்குத்தான். ஆனால் அந்தப் பக்கங்கள் ஒரு பெண்ணின் ஊசி நூலிலும், தான் சுமப்பது என்னவென்றே தெரியாத ஒருவரின் கையிலும் பிழைத்துக் கிடந்தவை.

தமிழ் சரியாக வராத அந்தப் பெண் உங்கள் பாட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது என்று எப்படித் தீர்மானித்தீர்கள்? அவள் நடத்தினால் உங்கள் அளவுக்கு நன்றாக இருக்காது, நிச்சயம் இருக்காது. கொஞ்ச நாளைக்கு மோசமாகத்தான் இருக்கும். சேர்ந்து ஊழியம் செய்வது என்று நாம் பேசும்போது எல்லாரும் கைகோத்துச் சிரிக்கிற காலண்டர் படம்தான் மனசில் வருகிறது, நடைமுறையில் அது நம்மைவிடச் சுமாராகச் செய்கிறவருக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு பின்னால் உட்காருவது. கடைசி பெஞ்சு வேண்டும் என்று கேட்டீர்கள் அல்லவா, அது உங்கள் சபையிலேயே இருக்கிறது.

கடுமையாகச் சொல்லிவிட்டேனோ தெரியவில்லை. எல்லா வேலையும் உங்கள் தலையில் விழுந்தது உங்கள் தப்பு இல்லை, ஜனம் குறைந்ததால் விழுந்தது. ஆனால் விழுந்ததில் பாதியை நீங்களும் இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்கள்.

பணம்

இதில் தள்ளிப்போட ஒன்றுமில்லை. நீங்கள் விலகினாலும் இருந்தாலும் சபைப் பணம் உங்கள் சொந்தக் கணக்கில் இருக்கக் கூடாது, இந்த மாதத்தோடு முடியட்டும்.

ஏன் என்றால், முதலாவது, நாளைக்கு உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பணம் எவ்வளவு, எங்கே என்று சொல்ல ஆள் இல்லை, போனின் ரகசிய எண்கூட உங்கள் மனைவிக்குத் தெரியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது, இன்றைய நிலைமையில் ஒரு கணக்கு எந்தக் காரணத்துக்காகவும் முடக்கப்படலாம், அப்போது உங்கள் கடைப் பணமும் முதியவர்களின் அரிசிப் பணமும் சேர்ந்தே மாட்டிக்கொள்ளும். மூன்றாவது, மற்றவர் நம்பிக் கொடுத்த பணத்தில் தகராறு வந்தால் அது வெறும் மனஸ்தாபத்தோடு நிற்காது. வெள்ளைக்காரன் காலத்து 1860 தண்டனைச் சட்டம்தான் இன்னும் அடிப்படை, நம்பிக்கை மோசடி அதில் ஒரு குற்றம். நீங்கள் ஒரு கியாட் தொட்டிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் கடைப் பணமும் சபைப் பணமும் ஒரே கணக்கில் கலந்திருக்கும்போது அதைக் காட்டுவது எப்படி? தகராறு என்று வந்தால் வக்கீல் ஒருவரைப் பாருங்கள், அது என் வேலை இல்லை.

பவுலையே எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேம் ஏழைகளுக்காகக் கொரிந்துவில் காணிக்கை சேர்த்தபோது தீத்துவைத் தனியாக அனுப்பவில்லை, கூட இரண்டு சகோதரர்களைச் சேர்த்து அனுப்பினார். ஒருவரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு என்று காரணமும் எழுதினார். பவுலுக்கே சாட்சி தேவைப்பட்டது என்றால் நமக்கு ரோஷம் எதற்கு?

இப்போது அந்த மூப்பர். வயது எண்பதுக்குக் கிட்ட என்கிறீர்கள். 1964-ல் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்று ஒரே நாளில் அறிவித்தபோது அவர் வாலிபப் பையன். 1985-ல் மறுபடி. 1987-ல் 25, 35, 75 கியாட் நோட்டு, அந்தத் தடவை மாற்றிக் கொடுக்கவும் இல்லை. இந்த ஊரில் வாழ்ந்த கிழவர் ஒருவர் "பணம் எங்கே" என்று கேட்டால், நீ திருடிவிட்டாயா என்றுதான் அர்த்தம் என்பதில்லை, பணம் இன்னும் இருக்கிறதா என்கிற பழைய பயமாகக்கூட இருக்கலாம். எல்லார் முன்னாலும் கேட்டது மரியாதை இல்லைதான். கேள்வி மட்டும் சரியான கேள்வி.

போவதா, இருப்பதா

உங்களுக்குச் சம்பளம் இல்லை, ஒப்பந்தம் இல்லை. விலக யார் அனுமதியும் வேண்டாம், சொல்லிவிட்டுப் போனால் போதும், சொல்லாமல் போவதுதான் கூடாது. பர்மிய மொழிச் சபைக்குப் போவதும் தப்பு இல்லை, கர்த்தர் அங்கேயும்தான் இருக்கிறார். மாற்குவை அழைத்துப் போவதா வேண்டாமா என்ற சண்டையில் பவுலும் பர்னபாவும்கூடப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போனார்கள், பல வருஷம் கழித்துப் பவுல் அதே மாற்குவைத் தன்னிடம் கூட்டிக்கொண்டு வரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதினார்.

ஆனால் இப்போதே, கோபத்தோடு போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு காரணம் பணம், கணக்கு ஒப்படைக்காமல் போனால் நீங்கள் போனதற்கு ஊரே ஒரு காரணம் கண்டுபிடிக்கும். இன்னொன்று உங்கள் சுபாவம். ஜெனரேட்டர் ரிப்பேர் தெரிந்த, கீபோர்டு வாசிக்கத் தெரிந்த ஒரு ஆள் கடைசி பெஞ்சில் எத்தனை ஞாயிறு மறைந்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? ஆறு மாதத்தில் அந்தச் சபைச் சாவியும் உங்கள் இடுப்பில் தொங்கும், வயிற்றுவலியும் கூடவே வரும்.

நான் சொல்வது மூன்று மாத ஓய்வு. கமிட்டிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை எந்தப் பொறுப்பும் எடுக்க மாட்டேன் என்று. காரணம் உடல்நிலை என்றால் போதும், மூப்பர் பெயரை இழுக்காதீர்கள். அதற்கு முன்னால் கணக்கை ஒரு நோட்டில் எழுதி, இரண்டு பேர் முன்னால் வாசித்து, பணத்தை ஒப்படைத்து, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூப்பர் அந்த இரண்டு பேரில் ஒருவராக இருந்தால் நல்லது, அவரிடம் நீங்களே போய்க் கேளுங்கள், டீ ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு. இந்த மூன்று மாதமும் ஆராதனைக்கு மட்டும் போங்கள், மனைவி பக்கத்தில் உட்காருங்கள். இத்தனை வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள், அவர் "இன்றைக்கே விடுங்கள்" என்று சொல்வதில் அதுவும் இருக்கிறது என்று நினைக்கிறேன். நடுவில் ஒன்றிரண்டு வாரம் அந்தப் பெரிய சபைக்கும் போய்ப் பாருங்கள். மூன்று மாதம் கழித்து, தூங்கி எழுந்த தலையோடு தீர்மானியுங்கள்.

சில வேலை நின்றுபோகும். நிற்கட்டும். ஜெனரேட்டர் இல்லாவிட்டால் ஜன்னலைத் திறந்துவைத்துப் பாடுவார்கள். கைப்பிடி அரிசி மட்டும் நிற்கக் கூடாது, அது சாப்பாட்டு விஷயம், அதை யாரிடம் விடுகிறோம் என்று பெயர் சொல்லி ஒப்படைத்துவிட்டு ஓய்வு எடுங்கள்.

அம்மாவிடம் வாதாட வேண்டாம். எசேக்கியேல் 18-ஐ எடுத்து அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தகப்பன் தின்ற புளித்த திராட்சைக்குப் பிள்ளையின் பல் கூசும் என்கிற பழமொழியை இனிமேல் சொல்லவே கூடாது என்று கர்த்தர் அங்கே சொல்கிறார். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொடுங்கள், மீதியை அந்த அதிகாரம் பார்த்துக்கொள்ளும்.

அந்தக் கரேன் மருமகளிடம் இந்த ஞாயிறே போய்ச் சொல்லிவிடுங்கள், நீங்கள் மறுத்ததற்கு ஒரு மன்னிப்பும் சேர்த்து. சாவியையும் அவளிடமே கொடுக்கலாம், வீடு சபைக்குப் பக்கத்தில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க வேறு ஒரு அரைமணி நேரம், வேறு ஒரு ஆள், அதை மூன்று மாதம் கழித்துப் பேசிக்கொள்ளலாம். முதல் ஞாயிறு எந்தப் பாட்டு என்று அவள் உங்களைக் கேட்பாள். சொல்லாதீர்கள்.